மூக்குக் குழாய்ச் செலவு: இன்ஷூரன்ஸில் எந்த வழியில் கேட்பது?

பக்கவாதம் வந்தவரை, மூக்கு வழியே உணவு கொடுக்கும் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் குழாய், 50 மி.லி. சிரிஞ்சு, சத்துப் பவுடர் டின் என்று மாதச் செலவு தனியாக ஓட ஆரம்பிக்கும். தனியார் காப்பீட்டில் இதைக் கேட்க மூன்று வழி சொல்வார்கள்: டொமிசிலியரி (வீட்டுச் சிகிச்சை), கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் (பயன்படுத்தித் தீரும் பொருட்களுக்காகப் பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பீடு), டிஸ்சார்ஜுக்குப் பின்னான செலவு. நான் சொல்வது மூன்றாவதை.

டொமிசிலியரி என்றால் வீட்டில் நடக்கும் சிகிச்சை எல்லாம் வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவரை, நகர்த்த முடியாததாலோ அங்கே படுக்கை இல்லாததாலோ வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் அது பொருந்தும். தேறி வந்தவருக்குப் பொருந்தாது. ஏற்காட்டில் வீடு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பது மட்டும் காரணமாகாது. நகர்த்தக் கூடாது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற வீட்டுப் பராமரிப்பையோ பாலிசியின் விலக்கு விதியான எக்ஸ்க்ளூஷன் 05 நேராகவே விலக்கிவிடுகிறது.

ரைடர் நல்லதுதான். சாதாரணப் பாலிசியில் வழக்கமாகப் பணம் கிடைக்காதவை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட முதல் பட்டியலில் உள்ள கையுறை, டயப்பர் உள்ளிட்ட 68 இனங்களுக்குப் பணம் வரும். ஆனால் பெரும்பாலும் வார்டில் இருக்கும் நாட்களுக்கு மட்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பின்னான செலவுக்கு, எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரியான ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் 60 நாள் உண்டு. 90, 180 நாள் தரும் பாலிசிகளும் இருக்கின்றன. கேஷ்லெஸ் முடிந்ததோடு கிளெய்மும் முடிந்தது என்று பலர் ஃபைலை மூடிவிடுவதுதான் வருத்தம். சத்துப் பவுடரை எக்ஸ்க்ளூஷன் 14 தடுக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி கிளெய்மின் பகுதியாக டாக்டர் எழுதியிருந்தால் விதிவிலக்கு உண்டு, கேட்க இடமிருக்கிறது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சத்தான ஆகாரம் கொடுக்கவும்' என்றிருந்தால் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள். 'ஆர்.டி. ஃபீட் (ரைல்ஸ் டியூப் என்ற மூக்குக் குழாய் வழி உணவு) 200 மி.லி., 2 மணி நேரத்துக்கு ஒருமுறை' என்று அளவும், பவுடரின் பெயரும், எத்தனை நாளைக்கு என்பதும் வேண்டும்.

அப்புறம் பில். சேலம் ஐந்து ரோடு பக்கம் மருந்துக் கடையில் அவசரத்துக்கு 'ஃபீடிங் கிட்' என்று ஒரே வரியில் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். விவரம் இல்லாத எந்தக் கிட்டும் அந்த 68-இல் ஒன்று. அந்த வரியைக் கிளெய்மில் அப்படியே வெட்டிவிடுவார்கள். 'ரைல்ஸ் டியூப் (சைஸ் 16) – 1, சிரிஞ்சு 50 மி.லி. – 2' என்று தனித்தனியாக, நோயாளி பெயர், டாக்டர் பெயர், பேட்ச் எண்ணோடு போடச் சொல்லுங்கள். பில் அடிக்கும் முன்பே சொன்னால் செய்து தருவார்கள். குழாய் மாற்ற வரும் நர்ஸின் கட்டணம் மட்டும் கைக்காசுதான். தனி நர்ஸ் கட்டணமும் அதே பட்டியலில் இருக்கிறது.

இதற்காகப் பவுடர்தான் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். டயட்டீஷியன் சொன்னபடி வீட்டில் அரைத்து வடிகட்டிய கஞ்சி போதுமென்றால் அதையே கொடுங்கள், மளிகை பில்லுக்குக் கிளெய்ம் கிடையாது என்றாலும்.

ஆரோக்ய சஞ்சீவனியில் அந்த 60 நாள் சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் பில்களைக் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுக் குறைகேட்பு அதிகாரி). கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.