ஸ்டாம்ப் பைகளும் பெட்டியும்: எடுத்தது இடத்துக்குத் திரும்புகிறதா?

வாழ்த்து அட்டை செய்பவர்கள் மை தொட்டுப் படமும் வாசகமும் பதிக்கும் ஸ்டாம்புகளைச் சேமிக்க விற்கும் பொருள்களில் பரவலாகக் கிடைப்பது இந்தத் தொகுப்பு: மேல்பக்கம் வாய் திறந்த, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் செருக ஒரு கெட்டி அட்டை, பைகளை வரிசையாக நிறுத்திவைக்க ஒரு நீளப் பெட்டி. பல நிறுவனங்கள் சின்னச் சின்ன மாற்றங்களோடு இதையே விற்கின்றன. கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர் ஸ்டாம்ப், ரப்பரின் பின்னால் ஃபோம் ஒட்டிய கிளிங் ஸ்டாம்ப் இரண்டுக்கும் இது மிக நல்ல ஏற்பாடு. மரக்கட்டை ஸ்டாம்புக்கு உதவாது. கூடவே வரும் தலைப்புப் பட்டைகளை மட்டும் எடுத்துத் தூர வைத்துவிடலாம். ஏன் என்று கீழே விளக்குகிறோம்.

எத்தனை ஸ்டாம்ப் அடங்கும் என்பதை வைத்துத்தான் பலரும் பெட்டியை மதிப்பிடுகிறார்கள். அது தவறான அளவுகோல். ஒரு வாழ்த்து அட்டைக்குப் பூ ஒரு செட்டிலிருந்து வரும், இலை இன்னொன்றிலிருந்து, வாழ்த்து வாசகம் மூன்றாவதிலிருந்து. வேலை முடியும்போது மேசைமேல் நாலு செட் கலந்து கிடக்கும். அவை அன்றைக்கே தம் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி. போகவில்லையென்றால் மூன்று மாதத்தில் எப்பேர்ப்பட்ட பெட்டியும் குப்பைக்கூடைதான்.

முதலில் பை. கிளியர் செட்டுகளில் அதிகம் விற்கும் அளவு 4×6 அங்குலம். பையின் உள்ளளவு நீளத்திலும் அகலத்திலும் குறைந்தது ஒரு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். சரியளவுப் பை பார்க்க அழகுதான், ஆனால் செட்டோடு வரும், ஸ்டாம்ப் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உள்ளே தள்ளும்போது ஓரத்திலிருக்கும் சின்னத் துண்டுகள் பையின் வாயில் தட்டிப் பெயர்ந்து விழுந்துவிடும். 6×8 அங்குல செட்டுகளுக்குப் பெரிய பை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை வெட்டிச் சின்னப் பையில் அடைத்தால் ஒரு செட் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும்.

அளவைவிட முக்கியம், பை எதில் செய்யப்பட்டது என்பது. பாலிப்ரோப்பிலீன் என்று குறிப்பிட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். கையில் கசக்கினால் சரசரவென்று ஒலிக்கும், வாசனை இருக்காது. பிவிசி பை மெத்தென்று வளையும், புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும். அந்த மென்மைக்காகச் சேர்க்கப்படும் பிளாஸ்டிசைசர் நாளாக ஆகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் இறங்கும். பென்சில் டப்பாவில் வருஷக்கணக்காகக் கிடந்த வினைல் ரப்பர், டப்பாவின் பிளாஸ்டிக்கை உருக்கி அதனோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்டாம்பிலும் அதே கதைதான். மேற்பரப்பு பிசுபிசுக்கும், மை சீராகப் பரவாது. விற்பவர் பொருளின் பெயரைச் சொல்லாமல் ‘உயர்தர பிளாஸ்டிக்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தொகுப்பை விட்டுவிடுங்கள்.

அடுத்தது உள் அட்டை. இந்தத் தொகுப்பின் உயிரே இதுதான், ஆனால் மெல்லிய அட்டையைப் போட்டு இதில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அளவு கெட்டி வேண்டும். 200க்குக் கீழே போனால் கிளிங் ஸ்டாம்பின் கனம் தாங்காமல் வளையும், பையும் கூடவே சரியும். பளபளப்புப் பூச்சில்லாத வெள்ளை அட்டையாக இருக்கட்டும். பூச்சுள்ள அட்டையில் வெர்சாஃபைன் மாதிரியான பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை) காய வெகு நேரம் பிடிக்கும். காயாத அட்டையைப் பைக்குள் போட்டால் மை பையின் உள்பக்கம் அப்பிக்கொள்ளும். மெமென்டோ போன்ற டை மை (சாய மை) சீக்கிரம் காய்வதால் இந்த வேலைக்கு வசதி.

இந்த அட்டையில் செட்டிலுள்ள ஒவ்வொரு ஸ்டாம்பையும் ஒருமுறை அடித்துவைக்க வேண்டும். உறையில் அச்சிட்ட படம் இருக்கிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். அந்தப் படம் பல சமயம் அளவில் சுருங்கியிருக்கும். தவிர, ரப்பரில் எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும், பைக்குள் பார்த்தால் வாசகத்தைப் படிக்க முடியாது. அடித்த அட்டையில் நிஜ அளவும் தெரியும், நேராகப் படிக்கவும் முடியும், எந்தக் கோடு மங்குகிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றாக அடித்தால் 12 துண்டு செட்டுக்குக் கால் மணி நேரம் போகும். மிஸ்டி மாதிரியான ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் இருந்தால் ஐந்து நிமிடம் போதும். அட்டையை உள்ளே வைத்து, ஸ்டாம்புகள் எல்லாவற்றையும் அதன்மேல் முகம் கீழாக அடுக்கி, மூடியை மூடி அழுத்தினால் மொத்தமும் மூடியில் ஒட்டிக்கொள்ளும். மை தொட்டு ஒரே அழுத்தில் முழுச் செட்டும் பதியும். புது கிளியர் ஸ்டாம்பில் மை முத்து முத்தாகத் திரண்டு நின்றால், செய்யும்போது படிந்த வழவழப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். வெள்ளை அழிப்பானால் மெதுவாக ஒரு தரம் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி அடியுங்கள். உப்புத்தாள் பக்கம் போகாதீர்கள், நுண்ணிய கோடுகள் தேய்ந்துவிடும்.

அட்டையின் வலது மேல் மூலையில் இரண்டு எண்கள் எழுத வேண்டும். ஒன்று செட்டின் வரிசை எண். மற்றது துண்டுகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் அற்பமாகத் தோன்றும், ஆனால் அதிகம் காப்பாற்றுவது அதுதான். 5 மில்லிமீட்டர் இதய ஸ்டாம்ப் ஒன்று, ஸ்டாம்பை ஒட்டிப் பிடித்து அடிக்க உதவும் அக்ரிலிக் பிளாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டாம்பும் பிளாக்கும் இரண்டுமே கண்ணாடி மாதிரி இருப்பதால் நேராகப் பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் விளிம்பு மின்னும். 12 என்று எழுதியிருந்து கையில் 11 இருந்தால் பிளாக்கை அங்கேயே சாய்த்துப் பார்ப்பீர்கள். எழுதவில்லையென்றால் அது கழுவும் தொட்டி வழியாகப் போயே போய்விடும்.

இப்போது தலைப்புப் பட்டைகள். ‘பூக்கள்’, ‘பிறந்தநாள்’, ‘விலங்குகள்’, ‘நன்றி’ என்று அச்சிட்டு வருகின்றன. பலூன் பிடித்த கரடியும், அதன் கீழே பிறந்தநாள் வாழ்த்தும், பக்கத்தில் ஒரு பூங்கொத்தும் உள்ள செட்டை எந்தத் தலைப்பில் வைப்பது? இன்று கரடிக்காக விலங்குகளில் வைப்பீர்கள், அடுத்த மாதம் வாழ்த்துக்காகப் பிறந்தநாளில் தேடுவீர்கள். இருபது செட் வரை நினைவு கைகொடுக்கும். எண்பதைத் தாண்டினால் கிடைக்காமல், ஏற்கெனவே இருப்பதையே மறுபடி வாங்கும் நிலைமை வரும். இன்னொரு சங்கடம், ‘பூக்கள்’ பகுதி நிரம்பினால் பின்னாலுள்ள எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும்.

ஆகவே இடத்துக்கு எண், தேடலுக்குப் பட்டியல். வாங்கிய வரிசையில் 1, 2, 3 என்று எண் கொடுத்து அப்படியே நிறுத்துங்கள். புது செட் எப்போதும் கடைசியில் சேரும், பழையது எதுவும் அசையாது. இருபது எண்ணுக்கு ஒரு தடுப்பு போதும், அதற்கு அந்தத் தலைப்புப் பட்டைகளைத் திருப்பிப்போட்டு 1–20, 21–40 என்று எழுதிக்கொள்ளலாம்.

பட்டியலை எக்செல்லிலோ அதுபோன்ற எதிலோ வைத்துக்கொள்ளுங்கள். செட்டின் எண், பெயர், நிறுவனம், வகை (கிளியர், கிளிங், மரம்), துண்டு எண்ணிக்கை, படங்கள், வாசகங்கள், பொருந்தும் டை (படத்தின் வடிவத்தைத் தாளிலிருந்து வெட்டியெடுக்கும் உலோக அச்சு) உண்டா இல்லையா என்று எட்டுப் பத்திகள். இதில் வாசகப் பத்தியில் சோம்பல் கூடாது. ‘வாழ்த்துகள்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல் ஸ்டாம்பில் உள்ளபடி முழு வாசகத்தையும் தட்டச்சு செய்யுங்கள். அட்டை செய்யும்போது அதிக நேரம் விழுங்குவது படத்தைத் தேடுவதல்ல, பொருத்தமான வாசகத்தைத் தேடுவது. ‘நலம்பெற’ என்று தேடினால் 7, 31, 58 என்று எண்கள் வந்து நிற்கும். படங்கள் பத்தியில் ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே சொல்லைப் போடுங்கள். ஒரு இடத்தில் ‘மலர்’, இன்னொரு இடத்தில் ‘பூ’ என்றிருந்தால் பாதி மறைந்துவிடும். அடித்த அட்டைகளைப் போனில் படம் பிடித்துத் தனி ஆல்பத்தில் போட்டுவைத்தால், கடையில் நிற்கும்போது ‘இது நம்மிடம் இருக்கிறதா’ என்பதற்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

இந்தத் தொகுப்புகளில் இல்லாத, ஆனால் இருந்தே ஆக வேண்டிய ஒரு பொருள் உண்டு: வெளியே போன பைக்கு மாற்றாக நிற்கும் அட்டை. பையைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக, கண்ணில் அடிக்கும் நிறத்தில் பத்து அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பையை உருவினால் அந்த இடத்தில் ஒன்றை நிறுத்துங்கள். திரும்ப வைக்கும்போது எண்ணைத் தேட வேண்டாம், நிறம் நிற்கும் இடத்தில் செருகினால் போதும். பத்தும் தீர்ந்துவிட்டால் ஒன்றைத் திருப்பி வைத்த பிறகே அடுத்ததை எடுப்பது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் மேசை ஒருநாளும் குவியாது. ஒரு சின்னக் கத்தரிக்கோல் வேலை, ஆனால் தொகுப்பின் தரத்தையே இரண்டு மடங்காக்குகிறது.

பெட்டிக்கு வருவோம். உள்நீளம் 30 சென்டிமீட்டர் என்றால் கிளியர் செட் ஒன்று, பையும் அட்டையும் சேர்த்து, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பிடிக்கும். கணக்குப்படி 75 வரும், ஆனால் 60க்கு மேல் வைக்காதீர்கள். நெருக்கி அடைத்தால் ஸ்டாம்பின் மெல்லிய கோடுகள் அடுத்த பையின்மேல் அழுந்தி வளைந்த நிலையிலேயே தங்கிவிடும். பூனையின் மீசை, கொடியின் சுருள் போன்றவைதான் முதலில் கெடும். அடித்தால் இரட்டைக் கோடாக விழும். ரப்பரும் அதன் பின்னால் ஃபோமும் உள்ள கிளிங் செட் 6 மில்லிமீட்டர் வரை பிடிப்பதால் அதே பெட்டியில் 40 போதும்.

அரைகுறையாக நிரம்பிய பெட்டியும் ஆபத்துதான். பைகள் சாய்ந்து, தாளிலிருந்து பிடி விட்ட ஸ்டாம்ப் அடிமூலைக்குச் சரிந்து மடங்கிக் கிடக்கும். வெறுமையான பகுதியில் ஒரு ஃபோம் கட்டியை நிறுத்திப் பைகள் நேராக நிற்கும்படி செய்யுங்கள். நல்ல தயாரிப்பில் நகர்த்தக்கூடிய தடுப்பு ஒன்று கூடவே வரும், அதற்காகக் கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம். பிடி விடுவதற்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். ஸ்டாம்பின் பின்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் காயவிட்டால் ஒட்டும் தன்மை திரும்பிவிடும்.

கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டிகள் அலமாரியில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஃபோட்டோபாலிமர் என்ற பொருளாலான கிளியர் ஸ்டாம்ப் புறஊதாக் கதிரால் கெட்டியாக்கிச் செய்யப்படுவது. வெயில் படும் இடத்தில் வைத்தால் அந்தக் கெட்டிப்படல் தொடர்ந்துகொண்டே போய், மஞ்சளாகி, கடைசியில் விறைத்து விரிசல் விடும். மஞ்சள் நிறம் மட்டும் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, பதிவு நன்றாகவே வரும். ஸ்டாஸ்ஆன் மாதிரியான மை விட்ட கறையும் அப்படித்தான். விறைப்புதான் பிரச்சினை. மூடியுள்ள, ஒளி புகாத பெட்டியே எங்கள் தேர்வு.

சில தொகுப்புகளில் உள் அட்டைக்குப் பதில் காந்தத் தகடு தருகிறார்கள். செட்டுக்குப் பொருந்தும் உலோக டைகளை அதே பையில் வைக்க இது அருமையான வழி. ஸ்டாம்ப் ஒருபக்கம், டை மறுபக்கம், இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம். 0.5 மில்லிமீட்டர் தடிமன் போதும், அதைவிட மெல்லியதில் பெரிய டைகள் வழுக்கி இறங்கும். எல்லாப் பைக்கும் போட்டுவிடாதீர்கள். ஒரு தகடே ஏறக்குறைய ஸ்டாம்ப் செட் அளவு கனம் வரும், 60 பைக்கும் போட்டால் பெட்டியை ஒரு கையால் இறக்க முடியாது. டை உள்ள செட்டுக்கு மட்டும் போதும்.

சிடி உறையோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரண சிடி உறை 142×125×10 மில்லிமீட்டர். 6 அங்குலம் என்பது 152 மில்லிமீட்டர், ஆகவே 4×6 செட்டின் தாள் முழுசாக உள்ளே போகாது. சின்ன செட்டுகளுக்குச் சரி, ஆனால் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு செட் என்பது இடத்தை வீணாக்குவது. துளையிட்டுக் கோக்கும் ஃபைல் படிக்க வசதி, ஆனால் ரப்பரின் கனத்தில் வளையங்கள் பிளந்துகொள்ளும், பக்கங்கள் வளையும்.

மரக்கட்டை ஸ்டாம்ப் வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். கட்டை 2 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் என்பதால், ஆழமில்லாத தட்டுகளில் ரப்பர் கீழாக ஒரே அடுக்கில் வைப்பதுதான் சரி. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் கீழே உள்ளவற்றின் ஃபோம் நசுங்கி, பதிவு பாதி விழும் பாதி விழாது. கழுவுவதும் தண்ணீரில் முக்கி அல்ல, ஈரத்துணியால் துடைத்து. முக்கினால் பசை விட்டுக் கட்டை வளையும். பட்டியலில் மட்டும் இவற்றையும் சேர்த்து, எண்ணுக்கு முன்னால் ‘ம’ என்று போடுங்கள். ம12 என்று வந்தால் பெட்டியில் தேடாமல் நேரே தட்டுக்குப் போகலாம்.