பிச்சாவரமா, அரியாங்குப்பம் ஆறா, சுண்ணாம்பாறா? படகில் ஒரு நாள் போக எது சரி

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வெளியூர்ச் சொந்தம் வந்து இறங்கினால், இரண்டாம் நாளே "படகுல எங்கயாவது கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டுவிடுவார்கள். கடலூர்க்காரர்கள் யோசிக்காமல் பிச்சாவரம் என்போம். புதுச்சேரிக்காரர்கள் சுண்ணாம்பாறு என்பார்கள். கயாக் (ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு) பழகிய இளவட்டம் அரியாங்குப்பம் ஆறு என்று மூன்றாவதாக ஒரு பதில் வைத்திருக்கிறது. மூன்றுமே வங்கக் கடலில் ஆறு கலக்கும் இடத்துத் தண்ணீர்தான். ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. உட்கார்ந்து பார்த்துவிட்டு வரப் போகிறீர்களா, நீங்களே துடுப்புப் போடப் போகிறீர்களா? இதை முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கை கால் அசைய ஒரு நாள் வேண்டும் என்று நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் முகத்துவாரங்களுக்கும் நடுவில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. மற்ற இரண்டு இடங்களிலும் கண்டல் மரங்கள் உண்டு என்றாலும் அவை கரையோரத்து வரிசைகள்தான். காட்டுக்குள்ளேயே படகு போவது இங்கே மட்டும்தான்.

ஆனால் எந்தப் படகில் ஏறுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படகுத் துறையில் துடுப்புப் படகும் இருக்கிறது, மோட்டார் படகும் இருக்கிறது. தூரம் அதிகம் போகலாம், சீக்கிரம் பார்த்துவிடலாம் என்று பலர் மோட்டாரில் ஏறுகிறார்கள். மோட்டார் படகு அகலமான நீர்வழியை விட்டு உள்ளே திரும்ப முடியாது. கிளைகள் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு நிற்கும் குறுகிய வாய்க்கால்களைப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறோமே, அங்கே நுழைவது துடுப்புப் படகு மட்டும்தான். தவிர, எஞ்சின் சத்தம் வருவதற்கு முன்பே கொக்கும் மீன்கொத்தியும் பறந்துவிடும். இருப்பதிலேயே நீளமான நேரத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு துடுப்புப் படகில் போங்கள். பிச்சாவரம் போய் மோட்டாரில் சுற்றிவிட்டுத் திரும்புவதானால் அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

உள்ளே போனதும் படகோட்டி துடுப்பை வைத்துவிட்டு வேரைப் பிடித்துப் பிடித்துப் படகை இழுத்துக்கொண்டு போவார். அந்த நேரத்தில் பக்கத்துக் கிளையைப் பாருங்கள். வெண்கண்டல் இலையைத் தடவினால் விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டும். நாக்கில் வைத்தால் உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள். தண்ணீருக்குள் வளைந்து காலூன்றி நிற்பது சுரபுன்னை. இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீளமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அது விழுந்து மிதந்து, சேறு கிடைத்த இடத்தில் குத்தி நின்று மரமாகிவிடும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. தில்லை மரமும் இங்கே உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம். உதிர்வதற்கு முன் இலை சிவந்து அழகாக இருக்கும், பிள்ளைகள் பறிக்கக் கை நீட்டுவார்கள். ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. எந்த மரம் எது என்று படகோட்டிக்குத் தெரியும், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இந்தக் காடு சும்மா இருந்து இப்படி நிற்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதில், வெட்டிய இடங்கள் நடுவில் பள்ளமாகிவிட்டன. ஏறி வந்த கடல் நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிஞ்சிப்போய் ஒன்றும் முளைக்காமல் கிடந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள் என்று மீன் முள் வடிவத்தில் வெட்டி, தண்ணீர் வந்து போக வழி செய்தார்கள். அதன் பிறகுதான் நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. முகத்துவாரத்து மணல் திட்டில், மறைப்பு இல்லாமல் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் அழிந்தே போனது. கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் காடு வெறும் சுற்றுலா இடமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்த்தால் படகைத் தள்ளி ஓட்டச் சொல்லுங்கள். அவர்கள் பிழைப்புக்காக நிற்கிறார்கள், முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுப்பது மரியாதை இல்லை.

பிச்சாவரத்தின் குறை ஒன்றே ஒன்று. துடுப்பு உங்கள் கையில் இருக்காது. "அண்ணே, கொஞ்ச தூரம் நான் போடட்டுமா?" என்று கேட்டால் சிலர் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள், ஐந்து நிமிடம் போடலாம். மற்ற நேரமெல்லாம் உழைப்பு அவருடையது, நாம் உட்கார்ந்திருப்பவர்கள். நேரக் கணக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் சீட்டு வரிசையிலேயே பாதிக் காலை போய்விடும்.

உடம்புக்கு வேலை வேண்டும் என்றால் அரியாங்குப்பம் ஆறுதான். செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி கடலுக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு, தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. வடக்குக் கிளையில் முருங்கப்பாக்கம், தேங்காய்த்திட்டுப் பக்கம் தனியார் குழுக்கள் காலை நேரங்களில் கயாக்கில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் போடும் கயாக்கும் உண்டு, இருவர் போடுவதும் உண்டு. முதல்முறை போகிறவர்கள் இருவர் கயாக்கில் பழகினவர் ஒருவரோடு ஏறுவது நல்லது. கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் அமிழ்ந்து நேராகப் போகவே போகாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: துடுப்பைக் கையால் இழுப்பார்கள். கால் மணி நேரத்தில் தோள் கடுக்கும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரியும். காலை முன்னால் நன்றாக ஊன்றி, முதுகை நிமிர்த்தி, இடுப்பைத் திருப்பினால் துடுப்பு தானாகப் பின்னால் வரும். பிடியை இறுக்கவும் கூடாது, விரலில் தொங்கவிட்டதுபோல் இருந்தால் போதும். இது பிடிபட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் போட்டாலும் மறுநாள் கை தூக்க முடியும். தண்ணீர் துடுப்பை எதிர்த்துத் தள்ளுவதை, பின்னாலிருந்து ஓட்டம் கயாக்கைத் தூக்கிக் கொடுப்பதை உள்ளங்கையிலேயே உணரலாம். மற்றவர் போடும் படகில் எத்தனை முறை போனாலும் இது கிடைக்காது.

பார்க்கவும் ஒன்றும் குறைவில்லை. இந்த ஆற்றின் தென் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மட்பாண்டங்களையும் மது வந்த சாடிகளின் ஓடுகளையும் எடுத்து, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ரோமானிய வணிகம் நடந்ததை உறுதிப்படுத்தினார். கண்ணாடி மணி செய்த ஊர் அது. சாலை வழியாகப் போனால் அங்கே தோப்பும் ஓர் இடிந்த கட்டடமும்தான் தெரியும், வந்தவர்கள் "இதுக்கா வந்தோம்?" என்று திரும்பிவிடுவார்கள். ஆற்றிலிருந்து பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, அலை அடிக்காத வளைவில், மேட்டுக் கரை. மரக்கலம் ஒதுங்க இதைவிட வசதியான இடம் இந்தக் கரையில் எங்கே கிடைக்கும்? கரையில் ஓட்டுச் சில் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம்.

இந்த ஆற்றின் குறையை மறைக்கக் கூடாது. நகரத்துச் சாக்கடை இதில் கலக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் கண்டல் வேர்களில் பிளாஸ்டிக் பைகள் மாட்டித் தொங்குவதைப் பார்க்க வயிறு எரியும். பிச்சாவரத்தின் தண்ணீரோடு இதை ஒப்பிடவே முடியாது. கையில் வெட்டுக் காயம் இருந்தால் அன்றைக்குக் கயாக் வேண்டாம். போட்டு முடித்ததும் நல்ல தண்ணீரில் கைகால் கழுவிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பாறு பற்றி அதிகம் சொல்ல இல்லை. கடலூர் சாலையில் நோணாங்குப்பம் பாலத்தை ஒட்டிப் படகுக் குழாம். அங்கிருந்து பெரிய படகில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் முகத்துவாரத்து மணல் கரையில் இறக்கிவிடுவார்கள், பாரடைஸ் பீச் என்பது அதுதான். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் ஏறலாம், சாப்பாடு பக்கத்திலேயே கிடைக்கும், புதுச்சேரியிலிருந்து 8 கிலோமீட்டர்தான். மணலில் ஓடி விளையாடப் பிள்ளைகளுக்கு நல்ல இடம். கடலில் இறங்குவது மட்டும் கூடாது. ஆற்று வாய்க்குப் பக்கத்தில் அடியில் இழுப்பு அதிகம், முழங்கால் அளவு தண்ணீரிலேயே காலைப் பறித்துவிடும். படகுப் பயணம் என்ற கணக்கில் பார்த்தால் மூன்றில் இதுதான் கடைசி. கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு படகு, அவ்வளவுதான்.

கடலுக்குள்ளேயே போகலாமே என்று சிலர் கேட்பார்கள். புதுச்சேரியில் அதற்கும் படகு கிடைக்கிறது. கரையை விட்டு விலகிப் போய் ஊரைத் திரும்பிப் பார்ப்பது தனி அனுபவம்தான். ஆனால் பழக்கம் இல்லாதவர்களுக்கு எஞ்சினை நிறுத்திய அடுத்த நிமிடமே தலை சுற்ற ஆரம்பிக்கும். அலை வாட்டத்தில் படகு ஆடிக்கொண்டே நிற்கும்போது பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முழு நாளையும் அதற்குக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். உசுடு ஏரியிலும் படகு உண்டு. அங்கே பறவை பார்க்கப் போகலாம், படகுக்காகப் போக வேண்டாம்.

எங்கே போனாலும் காற்றும், கடல் நீர் ஏறி வற்றும் ஓதமும்தான் நாளைத் தீர்மானிக்கும். வெயில் காலத்தில் விடியற்காலையில் கச்சான் காற்று, அதாவது தரையிலிருந்து கடலுக்கு. முற்பகல் தாண்டியதும் கடல் காற்று திரும்பிவிடும். காலையில் கச்சானோடு முகத்துவாரப் பக்கம் கயாக்கை விட்டு, கடல் காற்று எழும்போது அதோடு திரும்பினால் இரண்டு வழியும் சுலபம். நேரம் தவறிப் பத்து மணிக்கு மேல் கிளம்பினால், போகும்போதே காற்று முகத்தில் அடிக்கும், வெயில் வேறு. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டாது. ஆனால் பிச்சாவரத்தின் குறுகிய வாய்க்கால்களுக்கு ஒரு முழம் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிய விஷயம். நல்ல வற்றத்தில் படகு தரை தட்டும், சில வாய்க்கால்களுக்குள் போகவே முடியாது. ஏறும் முன்பே "அண்ணே, இப்ப ஏத்தமா வத்தமா?" என்று கேளுங்கள். ஏத்தம் என்றால் உள் வாய்க்காலுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வத்தம் என்றால் சேற்றில் நண்டும் பறவையும் நிறைய தெரியும், அதைப் பார்க்கலாம்.

அப்புறம், யார் எங்கே? பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பெற்றோர், வயதானாலும் படகில் கால் எடுத்து வைக்க முடிந்த அத்தை மாமா என்று கலந்த கூட்டம் என்றால் பிச்சாவரம். முதல் நாளே சிதம்பரம் வந்து தங்கிவிட்டால் காலை முதல் படகைப் பிடிக்கலாம், தரிசனத்தைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் மூன்று நான்கு பேர், வேர்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் அரியாங்குப்பம் ஆறு. நீச்சல் தெரியாவிட்டாலும் போகலாம், ஆனால் லைஃப் ஜாக்கெட் வாரை இடுப்பில் இறுக்கிக் கட்டாமல் ஏறக் கூடாது. தோளைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் காதுவரை வந்தால் அது சரியாகக் கட்டியதாகாது. கைக்குழந்தையோ, முட்டி வலிக்காரரோ இருந்தால் சுண்ணாம்பாறு. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, இரண்டில் ஒன்று சொல் என்றால், துடுப்பு கையில் இல்லாவிட்டாலும் நான் பிச்சாவரத்தைத்தான் சொல்வேன். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் கயாக் போட்டுவிட்டு மறுநாள் பிச்சாவரம் போங்கள். துடுப்பின் கனம் தெரிந்த கையோடு போனால், அந்தப் படகோட்டி வேருக்கும் வேருக்கும் நடுவில் படகைத் திருப்புவதில் எவ்வளவு வித்தை இருக்கிறது என்று புரியும்.

ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நல்ல காலம். வடக்கிலிருந்து வந்த பறவைகளும் இருக்கும், வெயிலும் கொளுத்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும் புயலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தானே புயல் 2011 டிசம்பரிலும் ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பரிலும் இந்தக் கரையில்தான் ஏறின. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தாலும் சரி, கடலில் புயல் சின்னம் என்றாலும் சரி, கிளம்பும் முன் பிச்சாவரம் படகுத் துறைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மழையால் அங்கே படகை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தால், அதற்குப் பதிலாக அரியாங்குப்பம் போகலாம் என்று திட்டத்தை மாற்றாதீர்கள். செஞ்சிப் பக்கம் பெய்த மழை சங்கராபரணியில் இறங்கி அங்கேயும் வந்துகொண்டிருக்கும்.