குட்டி ட்ரக்டரில் ஒயில் கசிவு: கடையில் தரும் சாமானில் எது காசுக்குப் பெறுமதி?

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் ஓடும் குட்டி ட்ரக்டர்களில் பல ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே இறக்கியவை. குபோட்டா, யன்மார், இசேக்கி என்று பெயர் வேறானாலும் இரண்டு அல்லது மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். ஒயில் கசிகிறது என்று ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் போய் நின்றால் நாலு சாமானை எடுத்து வைப்பார்கள்: ஒயிலில் ஊற்றும், கசிவை நிறுத்தும் போத்தல், சிலிகன் டியூப், பெக்கிங் செட் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் வைப்பது), ஒயில் சீல் (சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் வளையம்). நாலுக்கும் அதனதன் வேலை இருக்கிறது. ஆனால் ஒயில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் காசு வீண்.

சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றல்ல. ஒயில் மேலிருந்து கீழே வடியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சினின் மேல் மூடியான டெப்பட் கவரின் பெக்கிங் காய்ந்து வெடித்திருந்தால், ஒயில் எஞ்சினின் பின்பக்கத்தால் இறங்கி கிளச் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். அதைப் பார்த்ததும், “கிராங்கின் பின்பக்க சீல் போயிட்டுது, ட்ரக்டரைப் பிரிக்கணும்” என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பெக்கிங்கோடு முடிய வேண்டிய வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

ஆகவே முதலில் கழுவுங்கள். டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் பொலித்தீனால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தேய்த்து, பிறகு சவர்க்காரத் தூள் தண்ணீரால் அலசி, நன்றாகக் காய விடுங்கள். அழுக்குத் தண்ணீரைக் கானில் விட வேண்டாம். நானுஓயாவும் உமாஓயாவும் மகாவலியில்தான் போய்ச் சேருகின்றன. கீழே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீர் அது. அடியில் மரத்தூள் பரப்பினால் ஒயிலை அது உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த பிறகு சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி, 10 முதல் 15 நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். மேலே ஒரு கசிவு தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்து, மறுபடி கழுவிவிட்டுத்தான் கீழே உள்ளதைப் பார்க்க வேண்டும்.

சொட்டும் ஒயிலையும் கவனியுங்கள். கறுத்து மெல்லியதாக இருந்தால் எஞ்சின் ஒயில். தேன் நிறத்தில் தடிப்பாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஒயில். பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டிப் ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் நாளுக்கு நாள் ஏறினால் டீசல் பம்ப் வழியாக டீசல் ஒயிலில் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். டீசல் கலந்து நீர்த்த ஒயில் நல்ல சீலாலும் கசியும், பெயரிங்கையும் தின்றுவிடும். அந்த வண்டியை ஓட்டக் கூடாது. மட்டத்தைச் சமதரையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்து, குறைவென்று நினைத்து மேலே மேலே ஊற்றுவதாலும் மலைநாட்டில் கசிவு வருகிறது.

சைலன்சர் இணைப்பில் கறுப்பாக, பிசுபிசுப்பாக வடிவது கசிவே அல்ல. குளிரில் நெடுநேரம் பாரமில்லாமல் ஐட்லில் விட்டால், எரியாத டீசலும் ஒயிலும் அந்த வழியால் வரும். பாரம் கொடுத்து எஞ்சினைச் சூடேற்றி ஓட்டினால் குறைந்துவிடும்.

இனி பிரீதர், அதாவது எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய். செலவே இல்லாத இந்த வேலையை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். காலை மூடுபனியில் கால்மணி நேரம் ஓட்டி நிறுத்தும் எஞ்சின் முழுச்சூடு ஏறுவதில்லை. உள்ளே வேர்க்கும் தண்ணீர் ஒயிலோடு சேர்ந்து மஞ்சள் பசையாகி பிரீதர் குழாயை அடைக்கும். வெளியேற வழியில்லாத காற்று சீல்களைத் தள்ளும். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் தளர்த்தி வைத்துப் பாருங்கள். கசிவு குறைந்தால் பிரீதர்தான். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்துப் பூட்டுங்கள். பிரீதர் சுத்தமாக இருந்தும் மூடி வழியாகப் புகை பலமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியான எஞ்சினில் எந்த சீலும் நிலைக்காது.

கசிவை நிறுத்தும் போத்தல். காய்ந்து இறுகிய ரப்பரை ஊறவைத்து மெதுவாக்குவது மட்டும்தான் இதன் வேலை. நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியில், ஷாஃப்ட் தேயாமல் சீல் மட்டும் இறுகியிருந்தால் சில நாட்களில் கசிவு குறையலாம். கிழிந்த சீலுக்கும், உடைந்த பெக்கிங்குக்கும், பள்ளம் விழுந்த ஷாஃப்டுக்கும் உதவாது. ஹைட்ராலிக்கும் கியரும் ஒரே ஒயிலில் ஓடும் பகுதியில் ஊற்றவே வேண்டாம். இதற்குப் பதிலாக தடிப்பான 20டபிள்யூ-50 ஒயிலை ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. அது கசிவை மெதுவாக்கும். கூடவே குளிர்காலையில் ஸ்டார்ட் எடுப்பதையும் கடினமாக்கும்.

சிலிகன். சாமான் நல்லது, பாவிக்கும் விதம்தான் பிழை. இரண்டு முகங்களிலும் பழையதைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்து, 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரே கோடாக, பொல்ட் துளைகளின் உள்பக்கத்தால் சுற்றி வர வேண்டும். கையால் இறுக்கி, ஒரு மணிநேரம் விட்டு, பிறகு ரெஞ்சால் இறுக்குங்கள். குளிரில் காய நேரம் எடுக்கும், ஒரு முழுநாள் விட்ட பிறகே ஒயில் ஊற்றுங்கள். அள்ளிப் பூசினால் மிச்சம் உள்ளே பிதுங்கி, அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில் விழுந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். கசிவை நிறுத்தப் போய் கிராங்க் பெயரிங்கை எரித்த கதையாகும். கசிகிற இடத்தில் வெளியால் பூசுவது ஒரு பிரயோசனமும் இல்லை.

பெக்கிங் செட். டெப்பட் கவருக்கு ரப்பர் பெக்கிங் கிடைத்தால் அதையே எடுங்கள், கோர்க் சீக்கிரம் நசிந்துவிடும். அந்த 6 மில்லிமீட்டர் நட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கூடுதலாக இறுக்கினால் தகட்டுக் கவர் வளைந்து முன்பைவிட மோசமாகக் கசியும்.

செட்டோடு வரும் செப்பு வொஷர்களைத் தவறவிடாதீர்கள். சம்ப் பிளக்கில் பழைய வொஷரையே திரும்பப் போட்டால் அது இறுகிப்போய் முகத்தில் பதியாது. புதிது இல்லையென்றால் பழையதைக் கம்பியில் கோர்த்து காஸ் அடுப்பில் மங்கிய சிவப்பாகும் வரை பிடித்துத் தண்ணீரில் போடுங்கள். சுருக்கென்று சத்தம் கேட்கும், கறுப்புத் தோல் படியும். நைசான மண்கடதாசியால் தேய்த்தால் உள்ளே செப்பு பளிச்சென்று வரும். கையால் வளைக்கும் அளவு மெதுவாகியிருக்கும், அதைப் பூட்டலாம்.

ஒயில் சீல். காசைப் பார்க்காமல் வாங்க வேண்டியது இது. பாவித்து வந்த ஜப்பான் வண்டிக்குப் பார்ட் நம்பர் கிடைக்காமல் தவிப்பார்கள். தேவையே இல்லை. பழைய சீலின் முகத்தில் 35 52 8 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். கூடவே டீசீ (TC) என்றிருந்தால் வெளியே ரப்பர் பூச்சு, உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு உதடு, தூசிக்கு இன்னொரு உதடு. எஸ்சீ (SC) என்றால் தூசி உதடு இல்லை. மண்ணில் ஓடும் வண்டிக்கு டீசீயே வேண்டும். பி.டி.ஓ. (பூட்டும் கருவிகளைச் சுழற்றும் ஷாஃப்ட்), முன் அக்ஸில் போன்ற இடங்களுக்கு நைட்ரைல் ரப்பர் போதும். கிராங்குக்கு மட்டும் சூடு தாங்கும் விட்டோன் ரப்பர் எடுங்கள். நிறத்தை நம்பாமல் பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். என்ஓகே என்ற ஜப்பான் கம்பனியின் பெட்டியில் போலியும் வரலாம்; உதட்டு விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிசிறு தட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

சீலைப் போடுமுன் ஷாஃப்டை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் புது சீலும் ஒரு மாதம் தாங்காது. ஹவுசிங்கில் இடமிருந்தால் சீலை 2 மில்லிமீட்டர் முன்பின்னாக உட்கார வைத்தால், உதடு புது இடத்தில் படும். இடமில்லாவிட்டால் ஷாஃப்டுக்கு மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் போடலாம். எஸ்கேஎஃப் கம்பனி ஸ்லீவ் 0.28 மில்லிமீட்டர் தடிப்புத்தான், அதே அளவு சீல் போகும். மலையில் கிடைக்காவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் விசாரியுங்கள்.

ஸ்பிரிங் பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். இரண்டு உதடுகளுக்கும் நடுவில் கிரீஸ் நிரப்பி, ஷாஃப்டின் பல்லுக்கு மேல் டேப் சுற்றி, சீலின் அளவுக்கேற்ற குழாயை வைத்துச் சமமாகத் தட்டுங்கள். சுத்தியலால் ஒரு பக்கம் தட்டினால் சீல் சரிந்துவிடும்.

பி.டி.ஓ. சீல் போனால் முதலில் நூலைத் தேடுங்கள். லீக்ஸ் கட்டும் நைலோன் கயிறும் உரப்பை நூலும் ஷாஃப்டில் சுற்றி உதட்டுக்குள் புகுந்து அறுத்திருக்கும். அதை எடுக்காமல் புது சீல் போட்டால் அதையும் அறுக்கும்.

கிராங்கின் பின்பக்க சீல்தான் என்று உறுதியானால் வண்டியைப் பிரித்தே ஆக வேண்டும். முன் அக்ஸில் நடுப்பின்னில் ஆடும் என்பதால், இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட்டுத்தான் ஜெக் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் பக்கமாகச் சாயும். ஒயில் ஊறிய கிளச் தட்டைக் கழுவிப் போடுவதில் பயனில்லை. பிரித்த கையோடு கிராங்க் சீல், கியர்பொக்ஸ் முன் சீல், கிளச் பெயரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். சீலின் விலை கூலியில் சிறு பங்குதான், இன்னொரு தடவை பிரிக்க யாருக்கும் மனம் வராது. பூட்டி முடிந்து 10 மணிநேரம் ஓடிய பிறகு, ஹவுசிங் அடித் துளைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கடதாசியை இரவு முழுக்க விரித்து வைத்துப் பாருங்கள்.