லேப்டாப்பில் ‘கீ’ என்று சத்தமா? ஃபேனை மாற்றச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்!

ஏழாயிரம். பழுதே இல்லாத ஒரு ஃபேனைக் கழற்றிவிட்டு வேறு ஃபேன் போட என்னிடம் வாங்கிய பணம். சத்தம் அப்படியே இருக்கிறது. அந்த சர்வீஸ் சென்டரில் கடைசியாகச் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காதோரம் கொசு பறப்பது போல மெல்லிய, கூர்மையான சத்தம். திரையில் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் ‘கிர்ர்’ என்று மாறும், விரலை எடுத்ததும் மறுபடி ‘கீ’. சார்ஜர் போட்டால் இன்னும் அதிகம். இதையெல்லாம் கவுன்டரிலேயே தெளிவாகச் சொன்னேன்.

அங்கே இருந்தவர் லேப்டாப்பை வாங்கி, கீபோர்டு மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த பையனைக்கூட “சும்மா இருடா” என்று அடக்கினார். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று எனக்கு நம்பிக்கை வந்ததே அப்போதுதான். நிமிர்ந்து, “ஃபேன் பேரிங் தேஞ்சிடுச்சு மேடம். இப்படியே விட்டா சூடேறி போர்டே போயிடும்” என்றார். போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முக்கியமான சர்க்யூட் பலகை போனால் என் வேலை மொத்தமும் நின்றுவிடும். ஃபேன், தெர்மல் பேஸ்ட், சர்வீஸ் சார்ஜ் என்று ஏழாயிரத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

திரும்பி வந்து வீட்டில் ஆன் செய்தால் அதே ‘கீ’.

போன் செய்தால் “புது ஃபேன், செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்.” அப்புறம் “டெக்னீஷியன் வெளியே போயிருக்கார்.” வாட்ஸ்அப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் “எங்களுக்கு ஒண்ணும் கேட்கலையே, உங்களுக்குக் காது கொஞ்சம் ஷார்ப்” என்று சிரிக்கிறார்கள். பழைய ஃபேனைக் கேட்டால் குப்பையில் போட்டுவிட்டார்களாம். இன்று சொன்னது இதுதான்: “எல்லா லேப்டாப்லயும் இந்தச் சத்தம் இருக்கும் மேடம்.” அப்படியென்றால் ஏழாயிரம் எதற்கு வாங்கினீர்கள்?

போர்டு வேலை தெரிந்த என் உறவினர் ஒருவர் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கீபோர்டு மேலும் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். காற்று வெளியேறும் பக்கம் சத்தம் குறைவு. புராசஸர் இருக்கும் இடத்துக்கு அருகே வந்ததும் ‘கீ’ என்று துல்லியமாகக் கேட்டது. எனக்கும் கேட்கக் கொடுத்தார். இதற்கு காயில் வைன் (coil whine, கம்பிச்சுருளின் கீச்சொலி) என்று பெயர். புராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சிறு காயில்கள், மின்னோட்டம் ஏறி இறங்கும்போது மிக நுண்ணிதாக அதிர்கின்றன. மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் செராமிக் கெபாசிட்டர்களும் அப்படி அதிர்ந்து போர்டையே ஒலிக்க வைக்கும். புராசஸர் சும்மா இருக்கும்போது நொடிக்குப் பலமுறை தூங்கி விழிப்பதால், வேலை இல்லாத நேரத்தில்தான் சிலவற்றில் சத்தம் அதிகம். வயது ஏற ஏற மிக உயர்ந்த ஒலிகள் காதுக்கு எட்டாமல் போகும், அதனால் ஒருவருக்குக் கேட்காதது இன்னொருவருக்கு நன்றாகவே கேட்கும். என் காதில் எந்தக் குறையும் இல்லை.

முக்கியமாக, இந்த அதிர்வால் போர்டு போய்விடாது. என்னை பயமுறுத்தியது முழுப் பொய்.

ஃபேன் சத்தம் வேகம் கூடக்கூட மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். விரல் அசைந்த அதே கணத்தில் மாறாது. நான் சொன்ன அறிகுறியைக் காதில் போட்டுக்கொண்டிருந்தாலே ஃபேன் இல்லை என்று தெரிந்திருக்கும். தெரிந்தேதான் ஏழாயிரம் வாங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஸ்பீக்கரை மியூட் செய்து பாருங்கள், சத்தம் நின்றால் அது ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், சார்ஜரே கத்துவதும் உண்டு. திரை வெளிச்சத்தை முழுதாக வையுங்கள், சத்தம் நின்றால் அது திரையின் பின்விளக்கிலிருந்து வருகிறது. வாரண்டி இருந்தால் வெளியே எங்கும் திறக்கவிடாதீர்கள். “சத்தம் நிற்காவிட்டால் பணம் திரும்ப” என்று பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகத்தைக் கையோடு கேளுங்கள். வேலை முடிந்து, அமைதியான இடத்தில் காதால் கேட்டுப் பார்க்கும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.