62 தகடு கபுட்டோவா? உள்பக்கம் காட்டாமல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

ஜப்பானில் பழைய சாமுராய் கவசம் தேடுபவர்கள் கவனத்துக்கு. கியோட்டோவில் ஒரு பழம்பொருள் கடையில், 'எடோ காலம் (1603–1868), 62 தகடு, மியோச்சின் கையெழுத்து' என்று சொல்லி ஒரு கபுட்டோவை, அதாவது சாமுராய் தலைக்கவசத்தை, 2,80,000 யென்னுக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். மியோச்சின் என்பது கவசம் செய்வதில் பேர்போன கொல்லர் குடும்பம்.

இந்த வகைத் தலைக்கவசத்துக்கு சுஜி கபுட்டோ என்று பெயர். மெல்லிய இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ரிவிட் அடித்துக் கிண்ணமாக்குவார்கள். ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் மேல்நோக்கி மடிப்பதால் வெளியே வரிவரியாக விளிம்பு நிற்கும். 62 தகடும் உச்சிக்குப் போகப் போக ஒடுங்கி, அங்குள்ள துளையைச் சுற்றிப் பிசகாமல் முடிய வேண்டும். அந்தக் கைவேலைக்குத்தான் விலை.

எனக்கு வந்ததிலும் வரிகள் கணக்காக இருந்தன. கழுத்தை மறைக்கும் ஷிகொரோவில் நீலப் பட்டு நாடா மடிப்புகளில் நைந்து, நிஜமாகவே பழையதாகத் தெரிந்தது. கிண்ணத்தின் உள்பக்கம் இருக்கும் கையெழுத்தை மட்டும் கடைக்காரர் ஃபோட்டோவில்தான் காட்டினார். உள்துணியைக் கொஞ்சம் விலக்கச் சொன்னதற்கு, "பழைய தையல் சார், பிரித்தால் மதிப்பே போய்விடும்" என்றார்.

கவசம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்ததே நூலைத்தான். புது நூல். பின்பக்கம் நாலு தையலை மட்டும் எடுத்து டார்ச் அடித்தார். உள்ளே தகட்டு ஓரம் ஒன்றுகூட இல்லை, ரிவிட்டும் இல்லை. வெளியே மேடாக நின்ற வரியெல்லாம் உள்ளே பள்ளமாக ஓடியது. ஒரே தகட்டை அச்சில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள்! ஷிகொரோ மட்டும் ஏதோ உடைந்த பழைய கவசத்திலிருந்து எடுத்து மாட்டியது. கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வழவழவென்று கிடந்தது. (இருந்திருந்தாலும் நம்பிவிட முடியாது. மியோச்சின் பெயருக்கு இருந்த மவுசில் போலிக் கையெழுத்துகள் ஏராளம்.)

கடையில் கேட்டால், "தையலைப் பிரித்தது நீங்கள், திரும்ப எடுக்க முடியாது" என்கிறார்கள். ரசீதில் 'தலைக்கவசம் 1' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

காலம், தகட்டு எண்ணிக்கை, கையெழுத்து மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஜப்பான் கவச ஆய்வுப் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஜப்பானில் இருந்தால் 188-க்கு அழையுங்கள், பக்கத்து நுகர்வோர் மையத்துக்கு இணைப்பு கொடுப்பார்கள். நானும் அங்கேதான் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.