வால்வைச் சுற்றிக் கசிவு: கதீற்றரா, மறுபடியும் சத்திரசிகிச்சையா?

கொழும்பிலோ கண்டியிலோ இதய வால்வு மாற்றிக்கொண்டு திருகோணமலைக்குத் திரும்பியவருக்கு, பிறகொரு நாள் எக்கோவில் (இதய ஸ்கேனில்) வால்வைச் சுற்றிக் கசிவு தெரிந்தால் வாயில் வரும் முதல் கேள்வி, "திரும்பவும் நெஞ்சைத் திறக்க வேணுமோ டொக்டர்?" பெரும்பாலும் வேண்டியதில்லை. செயற்கை வால்வின் தையல் வளையம் இதயத்தோடு ஒட்டாமல் விட்ட சின்ன இடுக்குத்தான் அது. தொந்தரவு இல்லையென்றால் கிளினிக்கில் பார்த்துக்கொண்டு வந்தாலே போதும்.

மூச்சு வாங்கி, கால் வீங்கினால் கதை வேறு. இன்னொரு தொல்லையும் உண்டு: இடுக்கில் பீறிட்டுப் பாயும்போது சிவப்பணுக்கள் உடைந்து இரத்தச்சோகை வரும், சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும்.

கதீற்றர் வழி, அதாவது இரத்தக்குழாய்க்குள்ளால் மெல்லிய குழாயை விட்டு இடுக்கை அடைப்பது, 1992இலேயே பதிவாகிவிட்டது. பெருநாடி வால்வென்றால் தொடைத் தமனி வழியாகப் போவார்கள். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வென்றால் பெரும்பாலும் தொடைச் சிரை வழியாக ஏறி, மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரைத் துளைத்துப் போகவேண்டும். கை நுணுக்கம் கூடுதலாக வேண்டிய வேலை. தொண்டை வழியாக விட்ட எக்கோவில் பார்த்தபடி, உலோக வலையாலான அடைப்பானை இடுக்கில் விரிப்பார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: கம்பியிலிருந்து கழற்றுமுன் வால்வின் இதழ் தடையின்றி அசைகிறதா என்று பார்க்கலாம். முட்டினால் அடைப்பானைத் திரும்பக் குழாய்க்குள்ளே இழுத்துவிடலாம்.

மறுசத்திரசிகிச்சையில் அந்த வசதி இல்லை. பழைய தழும்பில் இதயம் நெஞ்செலும்போடு ஒட்டியிருக்கலாம். முதல் தடவையைவிட ஆபத்து அதிகம். ஆனாலும் வால்வில் கிருமித்தொற்று இருந்தாலோ, வால்வே ஆடினாலோ, வளையத்தின் கணிசமான பங்கு பிரிந்திருந்தாலோ கதீற்றரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இடைப்பட்டவர்களுக்குத்தான் குழப்பம். வயது போனவர், சிறுநீரகம் பழுதானவர், மூச்சுவாங்கல்தான் பிரச்சினை என்றால் நான் கதீற்றர் பக்கம். கசிவு பாதி குறைந்தாலே ஆள் நடமாடத் தொடங்கலாம். இரத்தம் உடைவதுதான் பிரச்சினை என்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். மிஞ்சும் மெல்லிய கசிவு சிலவேளை முன்பைவிட மோசமாகச் சிவப்பணுக்களை உடைக்கும். உடம்பு தாங்கும் இளவயதுக்காரர் சத்திரசிகிச்சை வைத்தியரிடமும் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

சரி, எதுவானாலும் பெரிய இதய நிலையத்துக்குத்தான் போகவேண்டும். வால்வின் வகையும் அளவும் எழுதிய அட்டை, பழைய ஒப்பரேஷன் குறிப்பு, ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் சோதனை) கொப்பி மூன்றையும் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் வோபரினை நீங்களாக நிறுத்திவிட்டு மட்டும் பஸ் ஏறாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்லட்டும்.