வைசர் பிராக்கெட்: புதுப்பேட்டைப் பட்டறையில் கிடைத்த மாற்று

நீண்ட தூரம் ஓட்டுகிற டூரிங் பைக்கில் நிறைய உழைத்தும் யார் கண்ணிலும் படாத சாமான், வைசரை, அதாவது ஓட்டுபவர் மேல் காற்று அடிக்காமல் முன்னால் தடுக்கிற பிளாஸ்டிக் கண்ணாடியை, தாங்கும் பிராக்கெட். ஹெட்லைட்டுக்கு இரண்டு பக்கமும் ஃப்ரேமில் போல்ட் போட்டு, மேலே பாலிகார்பனேட் வைசரைப் பிடித்து நிற்கும் இரண்டு இரும்புத் தகடுகள்தான். என் வண்டியில் இடது பக்கத் தகடு மடிப்பில் உடைந்துவிட்டது. எனக்கு வேலை சிங்கப்பூரில். வண்டி மடிப்பாக்கத்தில் தம்பி வீட்டில் நிற்கிறது. இந்த விடுமுறையில் மச்சானோடு கொல்லிமலை போவதாகப் பேசி வைத்திருந்தோம். இதே மாடல் வைத்திருக்கும் வேறு சிலருக்கும் இதே இடத்தில் உடைந்திருப்பதால், சென்னையில் இதை எப்படிச் சரி செய்தேன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். மற்ற டூரிங் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

முதலில் போனது சர்வீஸ் சென்டருக்கு. உட்கார வைத்தார்கள், காபி கொடுத்தார்கள், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிராக்கெட் தனியாக வராதாம், வைசரோடு சேர்த்து முழு செட்டாகத்தான் ஆர்டர் போட முடியுமாம். அதுவும் நான் கிளம்பிப் போன பிறகுதான் வந்து சேரும். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கையில் கொண்டுபோன உடைந்த துண்டை அங்கே ஒருவர்கூட வாங்கிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பார்ட் நம்பரை கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்ததோடு சரி. அதே தடிமன், அதே மடிப்பில் இன்னொன்று வந்தால் அதுவும் அதே இடத்தில்தானே உடையும்?

அடுத்து வண்டி சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோடு. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். வண்டியை எடுத்துக்கொண்டு போனால் நிறுத்த இடம் தேடியே அலுத்துவிடும். ஹேண்டிலில் மாட்டுகிற யுனிவர்சல் கிளாம்ப் கடைக்குக் கடை தொங்குகிறது. நான் கேட்ட கடைக்காரர் நினைத்திருந்தால் அதை என் தலையில் கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. “சார், இது சின்ன வைசருக்கு. உங்களது பாடியோட நிக்கிற பெரிய வைசர். ஹேண்டில்ல மாட்டினா காத்து அடிக்கும்போது ஹேண்டிலையே இழுக்கும். புதுப்பேட்டை போய்த் தகடு வேலை செய்யறவங்ககிட்ட காட்டுங்க” என்றார். ஒரு ரூபாய்கூட வாங்காமல் அவர் சொன்ன இந்த யோசனைதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சர்வீஸ்களில் முதலாவது.

எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் ஓரம் இருக்கிற புதுப்பேட்டையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற இடம் என்று ஊருக்கே தெரியும். அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய இதே பிராக்கெட் ஒன்றைக்கூட ஒருவர் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். பல வருடம் அதிர்ந்து களைத்த தகடு அது. வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். இன்னொரு கடையில், பழைய துண்டையே வெல்டு வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். 2 மில்லிமீட்டர் தகட்டில் வெல்டு வைத்தால் சூடு பட்ட பகுதி பலவீனமாகி, வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் கிராக் விடும். அவசரத்துக்கு வீடு போய்ச் சேர அது போதும், மலை ஏறப் போதாது.

நான் தேடிய ஆள் ஒரு சந்துக்குள் இருந்தார். ஒரு லேத் (கடைசல் மெஷின்), ஒரு டிரில்லிங் மெஷின், தகட்டை இறுக்கிப் பிடிக்கத் தரையோடு பதித்த வைஸ், இவ்வளவுதான் பட்டறை. மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உடைந்த துண்டைக் கையில் வாங்கி, வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். உடைந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்து, லேசாகத் துரு ஏறியிருந்தது. மீதிக் கால் பாகம் மட்டும் புதிதாக வெட்டிய இரும்பு போலப் பளபளவென்று இருந்தது. கறுப்பும் வெள்ளையும் சேருகிற கோட்டில் கட்டை விரல் நகத்தை ஓட்டினார்.

“நேத்து உடைஞ்சது இல்ல தம்பி இது. கறுப்பா இருக்கிற வரைக்கும் ரொம்ப நாள் முன்னாடியே விட்டுப் போச்சு. தூசியும் தண்ணியும் உள்ள போயிருக்கு பாரு. இந்த வெள்ளை மட்டும்தான் கடைசியா பிடிச்சிட்டிருந்தது.”

பிறகு உடையாத வலது பக்கத் தகட்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். அதே மடிப்பின் உள் மூலையில் முடி போல ஒரு கோடு அதிலும் ஆரம்பித்திருந்தது. ஒரு பக்கம் உடைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

காரணத்தையும் அவரே சொன்னார். மடிப்பைக் கூர்மையான மூலையாக மடக்கியிருக்கிறார்கள். போல்ட் துளையை அதற்கு மிக அருகில் போட்டிருக்கிறார்கள். அதிர்வு முழுக்க அந்தச் சின்ன இடத்தில் வந்து குவிகிறது. காற்றின் பலமும் சாதாரணம் இல்லை. ஒன்றரைச் சதுர அடி வைசரில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 6, 7 கிலோ எடை தள்ளுகிறது. வேகம் இரட்டிப்பானால் அந்தத் தள்ளு நான்கு மடங்கு. எதிரே ஆம்னி பஸ் கடந்து போகும்போது விடுகிற அறையும், ஸ்பீடு பிரேக்கரின் குலுக்கலும் இதற்கு மேல். நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடி ஆடி, இரும்பு களைத்துத்தான் உடைகிறது.

அதனால் 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்யலாம் என்றார். ஒரு மில்லிமீட்டர்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் தகட்டின் விறைப்பு, தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (2×2×2, 3×3×3 என்று) ஏறும். 2 மில்லிமீட்டர் 3 ஆனால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. எடை ஒன்றரை மடங்குதான். அலுமினியம் இலேசாக இருக்குமே என்று நான் கேட்டதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதுதான் சரி. ஓர் அளவுக்குக் குறைவான அதிர்வை இரும்பு காலத்துக்கும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சின்ன அதிர்வுகூடச் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் உடைத்துவிடும்.

வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அட்டையில் வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, துளைகளைப் பென்சிலால் குறித்து, அந்த அட்டையைத் தகட்டின் மேல் ஒட்டி வெட்டினார். மடக்கும்போது வைஸின் வாயில் ஓர் உருண்டைக் கம்பியை வைத்து அதன் மேல்தான் மடக்கினார். அதனால் மூலை கூராக விழாமல் வளைந்து வந்தது. துளையை மடிப்பிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போட்டார். கடைசியில் ஓரங்களையும் துளையின் விளிம்பையும் அரத்தால் ராவி, விரலை ஓட்டிப் பார்த்து, இன்னும் பிசிறு தட்டுகிறது என்று மறுபடியும் ராவினார். பிசிறு இருக்கிற இடத்தில்தான் கிராக் பிறக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரைமர், அதன் மேல் கறுப்பு பெயிண்ட் அடித்தது தம்பி.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். தகட்டை மட்டும் விறைப்பாக்கினால் அதிர்வு எங்கும் போய்விடாது, வைசரின் துளைக்கு மாறும், அடுத்து அங்கே விரிசல் விடும். ஆகவே ரப்பர் வாஷரும், அதன் நடுவே போல்ட் போக ஒரு சின்ன உலோக புஷ்ஷும் (குட்டிக் குழாய் மாதிரி இருக்கும்) கட்டாயம். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் புஷ்ஷில் நிற்கும், வைசர் ரப்பரில் மிதந்தபடி இருக்கும். புஷ்ஷை மாஸ்டரே லேத்தில் கடைந்து கொடுத்தார். போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் கழலாத நைலாக் நட்டும் பாரிமுனையில், செம்புதாஸ் தெருவில் வாங்கினேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தேவையான நீளம் அங்கே கிடைக்கும், நாலு போல்ட் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். நட் கழன்றுவிடாமல் இருக்கப் போடும் லாக்கிங் திரவத்தைப் பாலிகார்பனேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அது பட்ட இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விடும். பெட்ரோலும் தின்னரும் அப்படித்தான். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

செலவு: தகடுகள், புஷ், போல்ட் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. பட்டறையில் அச்சடித்த பில் கிடைக்காது. பணத்துக்கு யுபிஐதான் எங்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதற்காக உள்ளூர் சிம் தேடி அலைய வேண்டாம். சிங்கப்பூர், அமீரகம், கத்தார் உட்பட 10 நாடுகளின் மொபைல் எண்ணை வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ எடுக்க 2023இல் அனுமதி வந்துவிட்டது. கிளம்பும் முன்பே உங்கள் வங்கியில் அதைச் செய்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் சாத்தியிருக்கும்.

மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸோ ஒயரோ புதுத் தகட்டில் உரசுகிறதா என்று பார்த்தோம். பிறகு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓட்டிவிட்டு போல்ட்டுகளை மறுபடி சரிபார்த்தோம். ரப்பர் அமுங்கியதில் ஒரே ஒரு போல்ட் மட்டும் இன்னும் கால் சுற்று இறுகியது. முன்பெல்லாம் 80ஐத் தாண்டினால் வைசர் மேல் விளிம்பு நடுங்கும், கடகடவென்று சத்தம் வரும். இப்போது அந்தச் சத்தமே இல்லை.

கொல்லிமலைக்கு உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் வழியாகப் போனோம். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நானும் மச்சானும் மாறி மாறி ஓட்டினோம். இறங்கி வந்து அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தி இரண்டு மடிப்புகளையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயிண்ட்டில்கூட ஒரு கோடு விழவில்லை.

மாஸ்டர் வெட்டிய அட்டை மாதிரி தம்பி வீட்டில் இருக்கிறது. இதே வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டால் அதன் அளவுகளைத் தருகிறேன். கீழ்த் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் உங்கள் வண்டியில் அளந்து பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வண்டி ஒரு முறை விழுந்திருந்தாலும் ஃப்ரேமில் பிராக்கெட்டை மாட்டுகிற அந்தக் காது லேசாக வளைந்திருக்கலாம்.